பின்வாசல் வெந்நீர்

"குளிச்சுட்டு வா தமிழு. அப்புறமா மாமாவைப் பாக்கலாம்."

வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் முத்துப்பிரியா. தமிழ்செல்விக்கு ஆத்திரம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நாள் முழுக்க உலைக்கு விறகு தள்ளி, சாயங்காலம் இறங்கியதும் பெற்ற அப்பாவைப் பார்க்க ஓடி வந்தவள் அவள். ஆறரைக்கு சிலமலை பஸ்சைப் பிடிக்க வேண்டும். தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கும்.

"எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவளைத்தான் குளிக்கச் சொல்லுவாக, மதினி. நான் என்ன பொணத்தைத் தொட்டுட்டா வர்றேன்?"

"பின்வாசல்ல வெந்நீர் இருக்கு. மாத்துச் சேலையும் கொடியில கெடக்கு. வெரசா போ."

இது இன்று நேற்று நடக்கிற கூத்தில்லை. ஆறு மாசமாக இதே பாட்டுதான். தண்ணீர் சுட வைக்கும் கரண்டு கம்பி போட்ட ஒரு வாளி, துவைத்து மடித்த ஒரு பழைய சேலை. குளித்து, தலை துவட்டி உள்ளே போவதற்குள் பஸ்சுக்கு நேரமாகிவிடும். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசினால் அதிகம்.

படித்த திமிர், வேறென்ன! உலையில் வேகிற கூலிக்காரி உள்ளே வந்தால் டைல்ஸ் தரை கறுத்துவிடுமோ? அண்ணன் பிரபுவிடம் சொல்லியும் பார்த்தாள். "அவ சொன்னா கேட்டுக்க" என்று நழுவிவிட்டான். பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாத உத்தமன்!

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. "யாரு... தமிழா?"

அவ்வளவுதான். மதினியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே புகுந்தாள்.

"எங்கப்பாவைப் பாக்க எவ உத்தரவும் எனக்கு வேணாம்!"

மலைச்சாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். இருபத்திரண்டு வருசம் அதே ஸ்டோரில் உலை பார்த்தவர். பீடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் நெஞ்சு போய்விட்டது. தமிழ்செல்வி அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்தாள், அதே முந்தானையால் விசிறினாள்.

"நல்லா இருக்கியா... ஆத்தா..." என்று சிரிக்கப் பார்த்தார்.

அடுத்த வார்த்தை வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. விலா ஒட்டி உள்வாங்கியது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது.

"தள்ளிப் போ!" முத்துப்பிரியா பாய்ந்து வந்து இன்ஹேலரை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். மூச்சு இறங்கவில்லை. தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆட்டோவில் அப்பாவின் பக்கத்தில் ஏறப் போன தமிழ்செல்வியைப் பிடித்து இழுத்தாள். "நீ முன்னாடி உக்காரு!"

'சாகக் கிடக்கிற நேரத்திலேயும் என்னை ஒட்டவிட மாட்டேங்கறாளே! இவ நல்லாருப்பாளா?' டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வழியெல்லாம் சபித்தாள் தமிழ்செல்வி.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டி, ஊசி போட்டு, முக்கால் மணி நேரம் போராடினார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்தபிறகுதான் டாக்டர் வெளியே வந்தார். வந்தவர் முகத்தில் கோபம்.

"அவரோட நுரையீரல் உள்ளுக்குள்ள வீங்கிப்போய் இருக்கும்மா. அத்தனை வருசம் குடிச்ச புகை, இரும்பைத் துரு திங்கிற மாதிரி இன்னும் அரிச்சுக்கிட்டே இருக்கு. அதுமேல கொஞ்சம் புகை வாடை பட்டாலும் வீக்கம் கூடி மூச்சுக்குழல் அடைச்சுக்கும். ஆறு மாசத்துக்கு முன்னாலயே சொன்னேனா இல்லையா? இன்னிக்கு யாரு புகையோட கிட்டப் போனது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் முத்துப்பிரியா சட்டென்று. "வெந்நீருக்கு விறகடுப்பு பத்த வச்சேன். அதே துணியோட கிட்டப் போயிட்டேன்."

"படிச்ச பொண்ணுதானே நீ? இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா ஆள் இல்ல!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடிப்பாவி! நீதானா? தமிழ்செல்வி சண்டைக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

விறகடுப்பா? அந்த வீட்டில் விறகு ஏது? சமையல் கேஸ் அடுப்பில். வெந்நீர் வாளியில் கிடப்பது கரண்டு கம்பி. ஆறு மாசமாக அவள்தானே அந்தத் தண்ணீரில் குளிக்கிறாள்!

முந்தானையை எடுத்து முகர்ந்தாள். நாள் முழுக்கக் குடித்த உலைப் புகை அதில் அப்படியே இருந்தது.

"மதினி... ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"மாமா சத்தியம் வாங்கிட்டாரு தமிழு. தெரிஞ்சா நீ வேலையை விடணும், இல்லன்னா அவரைப் பாக்க வர்றதை விடணும். எம்மகளால ரெண்டும் முடியாது, அவ தாங்கமாட்டான்னாரு. எனக்குக் குளிக்கச் சொல்றதைத் தவிர வேற வழி தெரியல."

நர்ஸ் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் மலைச்சாமி மாஸ்க்கை லேசாக விலக்கி, மகளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வா... ஆத்தா..."

ஓடப் போன தமிழ்செல்வி, இரண்டடி பின்னால் நகர்ந்து வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"இருங்கப்பா... குளிச்சுட்டு ஓடியாந்துர்றேன்."