சாம்பலன் வாங்கிய பெரிய குப்பி

சர்க்கரை நோய்க்காரப் பூனை சாம்பலனுக்கு ஒரு வேளை ஊசி தவறினாலும் தாகம் அடங்காது. ஆனாலும் மருந்துக் கடையில் பேரம் பேசாமல் அவன் மீசை அசையாது.

"உங்களுக்கு வேளைக்கு ஒரு துளிதானே அண்ணே? என்னை எடுத்தா கெடுறதுக்குள்ள தீர்த்துடலாம்" என்றது சின்ன இன்சுலின் குப்பி.

"போடா பொடிப்பயலே. கொஞ்சம் காசு கூடப் போட்டா உன்னைப்போல மூணு மடங்கு கிடைக்குது" என்று பெரிய குப்பியைத் தூக்கி வந்தான்.

பாதிகூடத் தீரவில்லை, குப்பி கெடும் நாள் நெருங்கிவிட்டது. விடுவானா? இன்னும் குளிர்ந்தால் இன்னும் நாள் தாங்குமென்று ஃப்ரீசருக்குள் தள்ளினான்.

மறுநாள் குப்பி கட்டியாகிக் கிடந்தது.

"உறைஞ்சிட்டா நான் மருந்தே இல்லை அண்ணே. இன்னிக்கு ஊசிக்கு என்ன செய்வீங்க?"

சாம்பலன் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடந்தான். விடிந்ததிலிருந்து அது நாலாவது கிண்ணம்.