செட்டியார் பக்கத்து இடம்

நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மை வழக்கம்போலக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அரிசியும் பருப்பும் குவித்துக் கடை வைத்திருந்தார்கள். பக்கத்திலிருக்கும் மனைவியைத்தான் காணோம். அவள் இடத்தில் புதுசாக வாங்கிய கிரிக்கெட் பொம்மை மட்டையோடு நின்றது.

“தம்பி, எங்க வீட்டுக்காரியைப் பார்த்தியா? போன வருஷம் பெட்டியில வைக்கும்போது அவளுக்குக் கை உடைஞ்சு போச்சு.”

“எனக்கென்ன தெரியும் ஐயா? நான் கடையிலேருந்து நேரா வர்றேன்.”

பாடினார்கள், சுண்டல் கொடுத்தார்கள், வந்தவர்களெல்லாம் செட்டியாரின் தொந்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளே என்று கோபம்கூட வந்தது.

விஜயதசமி ராத்திரி, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். இந்தத் தடவை அவரை வைத்தார்கள். படியில் விரித்த வேட்டியின் கிழிசல் அவர் கண்ணுக்கு நேராக வந்தது. உள்ளே இருட்டில், அவர் உட்கார்ந்திருந்த படியின் ஆடுகிற பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்து அவளை வைத்திருந்தார்கள்.

“அடியே, இத்தனை நாளும் இங்கேயா இருந்தே? ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?”

“மூச்சு விட்டாலே பலகை ஆடிச்சுங்க. நீங்க விழுந்து உடைஞ்சிடுவீங்களேன்னுதான். இப்போ படுத்துட்டீங்க, பேசலாம்.”

விடிந்ததும் செட்டியாரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள், கிரிக்கெட் பொம்மைக்குப் பக்கத்தில்.