குளியலறையிலிருந்து ஓர் ஆமென்

"ஆமென்!"

குளியலறைப் பக்கமிருந்து குரல் வந்ததும் அவள் கையிலிருந்த டம்ளர் நழுவிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் உருண்டது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாருமில்லை. கண்ணாடிக்குக் கீழே அவருடைய ஷேவிங் பிரஷ் மட்டும் காய்ந்துபோய் நின்றது.

கணவரை அடக்கம் செய்த பிறகு, அன்றுதான் அவள் மறுபடியும் வாய்விட்டு ஜெபித்திருந்தாள்.

மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்குக் காலையில் முழங்கால் போட நேரம் ஏது? பாத்திரம் தேய்த்தபடியே, டிபன் பாக்ஸை மூடியபடியேதான் அவள் ஜெபம். "பாதி ஜெபம் பாத்திரச் சத்தம்தான். கர்த்தருக்குப் பழகியிருக்கும்" என்பாள். முடிக்கும்போது, சவரம் செய்துகொண்டிருக்கும் கணவரிடமிருந்து அந்த ஒரு வார்த்தை வரும். குழாய்ச் சத்தத்தோடு கலந்து, கரகரவென்று, கொஞ்சம் இழுத்து.

அவர் பஸ் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை அவளை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு மேசையில் அவள் கண்ணை மூடினால் பொறுமையாகக் காத்திருப்பார், வாயைத் திறக்கமாட்டார். "காலையில மட்டும் அவ்வளவு சத்தமா சொல்றீங்களே?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு. கூச்சம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவர் இறந்தபோது போதகர் தயங்கினார். "விசுவாசியா இருந்தாராம்மா?"

அவள் பெட்டியின்மேல் கையை வைத்துச் சொன்னாள். "தினமும் என் ஜெபத்துக்கு ஆமென் சொன்ன மனுஷன் ஐயா."

அந்த வார்த்தையை நம்பித்தான் ஆலயக் கல்லறையில் இடம் கொடுத்தார்கள்.

மறுநாளும் குரல் வந்தது. அதற்கு மறுநாளும். பயந்துபோய் நாத்தனாரை வரவழைத்தாள். காலையில் குளியலறை வாசலில் நின்று கேட்ட நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆம்பளைக் குரல்தான் அண்ணி. ஆனா..."

"ஆனா என்ன?"

"அண்ணன் ஆமென் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே."

"எனக்கு மட்டும்தான் சொல்வார்."

"போனவங்க பதில் சொல்ல ஆரம்பிச்சா நல்லதில்ல அண்ணி. கொஞ்ச நாளைக்கு மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணுங்க."

அப்படியே செய்தாள். குரல் நின்றது. ஆனால் அந்த அமைதி குரலைவிட மோசமாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம், சுவருக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் வார்த்தைக்காகக் காத்திருப்பதுபோல் தோன்றியது. கண்ணாடியைப் பார்க்காமல் முகம் கழுவினாள்.

ஒரு காலையில் வாசலில் தட்டும் சத்தம். அடுத்த வீட்டு அம்மாள். அதிகம் யாரோடும் பேசாதவள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஏம்மா, இப்பல்லாம் ஜெபம் பண்றதில்லையா?"

"சத்தம் தொந்தரவா இருந்துச்சாக்கா?"

"ஐயோ, இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் பக்கவாதத்துல கிடக்காரே, அவர் கட்டில் உங்க குளியலறைச் சுவரை ஒட்டித்தான் இருக்கு. நீங்க நிறுத்தினதுலேருந்து சுவரையே பார்த்துட்டுக் கிடக்கார். ஒரு வாய் சாப்பிடமாட்டேங்கிறார்."

"அவருக்குப் பேச்சே போயிடுச்சுன்னு சொன்னாங்களேக்கா?"

"எல்லாம் போயிடுச்சும்மா. ஆமென் மட்டும் போகல."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் பயமும் ஒரே மூச்சில் வடிந்தது. சிரிப்புகூட வந்தது.

"கடவுளே! செத்துப்போன என் வீட்டுக்காரர்தான் ஆமென் சொல்றார்னு நான் நடுங்கிப் போயிட்டேன்க்கா. நாளையிலேருந்து சத்தமாவே ஜெபம் பண்றேன். அப்போ, இப்ப கொஞ்ச நாளா கேட்டது உங்க வீட்டுக்காரர் குரலா?"

அந்த அம்மாள் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளாவா? நீங்க இங்க குடிவந்த நாள்லேருந்தே ஆமென் சொல்றது அவர்தானேம்மா!"