கூடைப் பொறுப்பு

கூடை திரும்பி வந்துவிட்டது. காதர் ராவுத்தர் அதை வண்டியிலிருந்து இறக்கிப் பொன்னுராஜின் முன்னால் வைத்தார். மேலே பரப்பியிருந்த வைக்கோல்கூடக் கலையவில்லை.

"என்ன ராவுத்தரே, வீட்டுல ஆள் இல்லையா?"

"இருக்காக. வாங்க மாட்டேன்னுட்டாக."

பொன்னுராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாந்தோப்பை ராவுத்தர் பேருக்குக் கிரயப் பத்திரம் பதிய வேண்டும். பதிந்த கையோடு சாத்தூரில் ரயிலேறி, தூத்துக்குடி போய்க் கொழும்புக் கப்பலைப் பிடிக்க வேண்டும். பெட்டியைக்கூடக் கட்டி வைத்தாயிற்று. இந்த நேரம் பார்த்து ஒரு கூடை மாம்பழம் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

விஷயம் பழையது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அந்த மாந்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வேல்சாமிக்குச் சொந்தமாக இருந்தது. அவர் நொடித்துப்போய் விற்றபோது பொன்னுராஜின் அப்பா வாங்கினார். விலைக்கு மேலே ஒரு நிபந்தனையும் பேசிக்கொண்டார்கள். வேல்சாமியின் மனைவி வெள்ளைத்தாய் உயிரோடு இருக்கும் மட்டும், வருஷா வருஷம் முதல் பறிப்பில் ஒரு கூடை அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அதுவும் வாங்கியவரின் மகன் தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பேசியவர்கள் இரண்டு ஆண்கள். யாருக்காகப் பேசினார்களோ அவள் அந்தப் பேச்சிலேயே இல்லை.

இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நிபந்தனை மட்டும் சாகவில்லை. தோப்பை வாங்கியவன் வாரிசைத் தன் வாசலில் வந்து நிற்க வைத்துப் பார்க்கிற வீம்பு இது என்றுதான் பொன்னுராஜ் நினைத்திருந்தான். அந்த அம்மாள் பழத்தில் வாய்கூட வைப்பதில்லை. அவன் கண்ணெதிரிலேயே தெருவுக்கெல்லாம் பங்கு வைத்துவிடுவாள். ஒன்றே ஒன்றை மட்டும் நறுக்கி அவனுக்குக் கொடுத்து, தின்று முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பாள். அவன் வாயையே யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பழம் எப்படி இறங்கும்?

"வக்கீல் வைகுண்டராஜ் தெளிவாச் சொன்னாரே, ராவுத்தரே! கச்சேரிக்கு ஒத்துக்கிட்ட பாட்டுக்காரன்தான் வேற ஆளை அனுப்ப முடியாது. பழம் சொமக்க என்ன சங்கீதமா தெரியணும்? தோப்ப வாங்குறவரே அந்தப் பொறுப்பையும் ஏத்துக்கிடலாம், அந்தம்மா ஒரு தடவ உங்க கையால வாங்கிட்டா வில்லங்கம் தீந்ததுன்னாரு. நீங்களும் சரின்னுதான கூடையத் தூக்கிட்டுப் போனீக?"

"போனேன். இப்பச் சொல்றேன், தோப்ப நான் வாங்கிக்கிடுறேன். கூடைப் பொறுப்பு எனக்கு வேண்டாம்."

"வெலையக் கொறைக்கவா இந்தப் பேச்சு?"

ராவுத்தரின் முகம் சுண்டிப்போனது. "பேசுன வெலை பேசுனதுதான்" என்றார்.

பொன்னுராஜ் தணிந்தான். "அப்ப ரெண்டு கூடையாக் குடுத்துப் பாப்போமா? அந்தம்மாவுக்கு என்னதான் வேணுமாம்?"

"பழத்த அவிய பாக்கவே இல்ல தம்பி. எனக்குப் பின்னால வண்டியத்தான் எட்டி எட்டிப் பாத்தாக. பொன்னுராசு வரலையா, தை மாசம் வந்த காய்ச்சல் திரும்பிருச்சான்னு கேட்டாக. நீங்க கொழும்புக்குப் போற சேதியச் சொன்னேன். அம்புட்டுத்தான், கதவப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாக."

காய்ச்சல் சங்கதி ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எப்படிப் போயிற்று என்று பொன்னுராஜுக்குப் புரியவில்லை. உள்ளூரிலேயே அதை யாரும் விசாரிக்கவில்லை. அப்பா இறந்து வருஷம் திரும்பியிருந்தது, அம்மா அவனுடைய சின்ன வயதிலேயே போய்விட்டாள். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு மடக்கு வெந்நீர் வைத்துத் தர நாதியில்லாமல் சுருண்டு கிடந்தான். தெருவில் போகிறவர்களின் பேச்சுக் குரலாவது காதில் விழட்டும் என்று வாசல் கதவைத் திறந்து போட்டுப் படுத்தான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதல் வேலையாகத் தோப்பை வாங்க ஆள் தேடினான்.

"ஊர விட்டுப் போறவன எதுக்கு இப்படிப் பிடிச்சு இழுக்கணும்?" என்றான் பொன்னுராஜ். "நாளைக்கு நானே கொண்டு போறேன்னு வச்சுக்கிடுங்க. அடுத்த வருசம்? கொழும்புல இருந்து கூடையத் தூக்கிட்டு வர முடியுமா? இங்க கெடந்து நான் என்ன செய்ய? எனக்குன்னு இந்தச் சீமையில யாரு இருக்கா?"

சந்தை சந்தையாகப் பேசியே பிழைத்த காதர் ராவுத்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்ககிட்ட ஒரு விசயத்தச் சொல்லவே கூடாதுன்னு ஒங்கப்பா அந்தம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டாக. ரெண்டு ஆம்பளைகளும் போன பொறவும் அவிய அதக் காப்பாத்திட்டு இருக்காக. இன்னைக்கு மனசு தாங்காம எங்கிட்டச் சொல்லி அழுதுட்டாக. எங்கிட்ட யாரும் சத்தியம் வாங்கல."

"எந்த விசயத்த?"

"அவிய பெத்து ஒங்கப்பா கையில குடுத்த மகனுக்குப் பதிலா நான் எப்படிப் போய் நிக்க, தம்பி?"