இரண்டு சீட் வண்டி

“பிளேடு வெச்சு அறுத்திருக்கான், பாவி!”

அக்காக்காரி போட்ட சத்தத்தில், வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த தம்பிக்காரன் ஈரக் கையோடு ஷெட்டுக்குள் ஓடிவந்தான். அவள் மடியில் டிரைவர் சீட் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை விரல் வீங்க அவள் கையாலேயே தைத்து மாட்டிய சிவப்புத் தோல் உறை, ஓரத் தையல் முழுக்க விட்டு, வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“யாரைச் சொல்ற?”

“உன்னைத்தான். பக்கத்துத் தெருவுல இருக்கிறவன் நீ. நான் பஸ் பிடிச்சு வர்றவ. வேற யாரு, பேயா வந்து அறுத்துச்சு?”

“ஞாயித்துக்கிழமை தவிர நான் இந்த வீட்டுப் படி ஏறறதே இல்லை. வேணும்னா அம்மாவைக் கேளு!” அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

ஷெட்டில் நின்றது, அப்பா ஆசை ஆசையாக வாங்கிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டே சீட் வைத்த வண்டியை வாங்கிய புண்ணியவான் அவர். அப்பா பக்கத்தில் யார் உட்காருவது என்று சின்ன வயதில் இந்த இரண்டும் போடாத குடுமிப்பிடிச் சண்டை இல்லை.

இன்ஜின், பெயின்ட் எல்லாவற்றையும் தன் கையாலேயே புதுப்பித்து முடித்த அப்பா, சீட், கார்பெட் என்று உள்வேலை தொடங்குமுன் நோயில் படுத்துவிட்டார். அவர் படுக்கையில் கிடந்தபோது யார் வந்து பார்த்தது, யார் பார்க்கவில்லை என்று ஆரம்பித்த சண்டை, அவர் போன பிறகும் ஓயவில்லை. அக்காவும் தம்பியும் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

“வெளியாள் கை படக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்து முடிங்க, அப்புறம் வித்துக்குங்க” என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் ஞாயிறுதோறும் இந்தக் கூத்து.

கீழே தடித்த கம்பளி, அதன்மேல் கார்பெட், அப்புறம் மரச்சட்டம், சட்டத்தின்மேல் சீட் நகரும் ரெயில் என்று வரிசை மாறாமல் போட வேண்டும். தம்பிக்காரன் மரச்சட்டத்தை மறந்துவிட்டு ரெயிலை முடுக்க, சீட் கார்பெட்டில் சிக்கி நகர மறுத்தது. மழைத் தண்ணீர் கதவின் உள்பலகையில் இறங்காதபடி கதவுக்குள் ஒட்ட வேண்டிய பிளாஸ்டிக் தாளை அக்காக்காரி மறந்தாள். இரண்டையும் கழற்றி மாட்டினார்கள், வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே.

அதெல்லாம் அவரவர் செய்த தப்பு. இந்த சீட் மட்டும், தைக்கத் தைக்க, மூன்றாவது தடவையாகப் பிரிந்து கிடக்கிறது. மற்ற வேலை எல்லாம் முடிந்துவிட்டது.

“நீ இழுத்து மாட்டின லட்சணம், தானா விட்டிருக்கும்” என்றான் தம்பி.

“தானா விட்ட நூலா இது? கண்ணைத் திறந்து பாரு. ஒவ்வொரு தையலா வெட்டியிருக்கு. தோல்ல ஒரு கீறல் விழலை!”

குனிந்து பார்த்தவனுக்கு முகம் மாறியது. அவள் சொன்னது நிஜம்தான். “அப்ப நீயேதான் வெட்டியிருக்க. வண்டியை விக்கக் கூடாதுன்னு அன்னைக்கு அழுதவ நீதானே?”

“நானா? இது முடிஞ்சா உன் மூஞ்சியில முழிக்க வேண்டாமேன்னுதான்டா உயிரைக் கொடுத்துத் தைச்சேன்!”

“எனக்கு மட்டும் உன் மூஞ்சியைப் பார்க்க ஆசையா?”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். “தெருவே கேக்குது. வாங்க, மூணு தட்டு போட்டாச்சு.”

“காலையிலேயே முடிச்சிட்டுக் கிளம்பிடுவோம்னு சொன்னேன்ல? யாரும்மா உன்னை மூணு பேருக்குச் சமைக்கச் சொன்னது?” என்று அக்காக்காரி அவள்மேல் பாய்ந்தாள்.

“எங்க முடிஞ்சுது? மறுபடியும் தைக்கணுமே. அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்” என்றாள் அம்மா.

அக்காக்காரிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கையிலிருந்த ஊசியை எறிந்தாள். “அடுத்த ஞாயித்துக்கிழமையும் கிடையாது, அதுக்கடுத்ததும் கிடையாது. இவன் அறுப்பான், நான் தைக்கணுமா?”

“வேண்டாம். சீட் தைக்கிறவர்கிட்ட இப்பவே கொண்டுபோய்க் கொடுத்துடறேன். வண்டியை வித்ததும் சொல்லி அனுப்பறேன். நீயும் வர வேண்டாம், நானும் வரப்போறதில்லை” என்றான் தம்பி.

“ரொம்ப சந்தோஷம். நல்ல காரியம் பண்ணு.”

அப்பா போன பிறகு இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவன் சீட்டைத் தூக்கக் குனிந்தான்.

அதற்குள் அம்மா ஓடிவந்து சீட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“விடும்மா.”

“விட மாட்டேன்.”

“அறுத்தவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதேம்மா, எனக்குக் கெட்ட கோபம் வரும்!” என்று கத்தினாள் அக்காக்காரி.

“அவன் அறுக்கலைடி!”

அம்மா குரலை உயர்த்தி அவர்கள் கேட்டதே இல்லை. அப்பா போன அன்றுகூட இப்படிக் கத்தியதில்லை.

“பின்னே யாரு?”

“தையல் பிரிஞ்சாத்தானேடி நீங்க ரெண்டு பேரும் சேர்றீங்க!”