அமுக்கரா தின்ற மீன்கள்

பண்ணைக் குளத்து நெரிசலில் மீன்கள் மிரண்டு சாகாமலிருக்க, தீவனத்தில் அமுக்கராச் சாறு கலக்கச் சொன்னவளே எழிலரசிதான். குடும்பத்தின் முதல் பட்டதாரி, பண்ணையில்தான் வேலை. மீன்கள் கனவில்போல மிதந்தன. அவற்றைத் தின்ற ஊரும் மெல்ல அப்படியே ஆனது. நாளெல்லாம் கவிச்சியில் நிற்கும் அவள் மட்டும் மீன் தொடுவதில்லை.

புதுக் குளத்துக்காக அவள் வீட்டை இடிக்கப் பண்ணைக்காரர்கள் அளக்க வந்தபோது, அப்பா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஒனக்குக் கோவமே வராதாப்பா?”

“விடு பாப்பா, மீனுக்கும் எடம் வேணும்ல. கொழம்பு ஆறுது பாரு.”

மறுநாளிலிருந்து அவள் சாறு கலக்கவில்லை. அடுத்த அறுவடையில் மீன்கள் வலையைக் கிழித்துத் துள்ளின. ஊர் வழக்கம்போல வாங்கித் தின்றது.

இடிக்கும் வண்டி வந்த காலையில், சோறு பிசைந்த கையோடு அப்பா எழுந்தார்.

“எவன்டா அவன், என் வீட்டத் தொடுறவன்?”

தெருவெங்கும் கதவுகள் திறந்தன.