தேனுக்குப் படுகிற பாடு

"சாப்பிட்டியா தம்பி?"

"ஆச்சுண்ணே. முழங்கால் வலி தேவலாமா?"

தேனீக் கொட்டகைக்குள் ஹசிந்தோவும் அவர் தம்பி கஸ்பாரும் இப்படிக் குழைவதை, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த நெல்சி வியப்போடு பார்த்தாள். மதில் தகராறில் இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சே கிடையாது என்றல்லவா ஊரில் சொன்னார்கள்?

வெளியே வந்ததும் கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"என்ன பெரியவரே, நாடகமா?"

கூடுகளுக்குச் சொந்தமானவர்கள் தங்களுக்குள் முறைத்துக்கொண்டால் இந்தத் தேனீக்கள் கூட்டை விட்டே போய்விடும், எங்கள் மாயா இனத்தில் எவனைக் கேட்டாலும் சொல்வான் என்றார் ஹசிந்தோ. அப்பா விட்டுப்போன மரக்கூடுகள் இன்னும் பாகம் பிரிக்காமல் கிடக்கின்றன. அதனால் தினமும் காலையில் அந்தத் திருட்டுப் பயலிடம் இனிக்க இனிக்கப் பேசவேண்டியிருக்கிறது.

நெல்சி சிரித்துக்கொண்டே, புத்தகத்தில் இந்தத் தேனீக்கு மெலிப்போனா என்று பெயர் என்றாள்.

"அப்படின்னா?"

"பழைய கிரேக்க வார்த்தைங்க. மெலின்னா தேன். போனோஸ்னா உழைப்பு, பாடு."

"தேனுக்குப் படுற பாடா? பேர் வெச்சவனுக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான். ஈயா பாடு படுது? நான்ல படுறேன்."

அந்தப் பாடு தீரவும் நெல்சி வழி கொண்டுவந்திருந்தாள். கூடுகளைச் சேதமில்லாமல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். புதுப் பெட்டிகள் வண்டியில் இருக்கின்றன. இருவரும் சரியென்றால் இன்றைக்கே முடித்துவிடலாம்.

ஹசிந்தோ கொட்டகைக் கூரையைப் பார்த்தார். பூக்கிற காலம் வரட்டும், பிரிக்கலாம் என்றார். காடெல்லாம் பூத்துக் கிடக்கிறதே என்றாள் நெல்சி. அப்படியானால் அவனைப் போய்க் கேள், பாகம் பாகம் என்று குதிப்பவன் அவன்தான் என்றார்.

மதிலைச் சுற்றிக்கொண்டு போய்க் கேட்டாள். அண்ணன் நல்ல கூடுகளாகப் பார்த்து அமுக்கிக்கொள்வார் என்றார் கஸ்பார்.

"நீங்களே முதல்ல எடுத்துக்குங்க. அவரைச் சம்மதிக்க வைக்கிறது என் பொறுப்பு."

கஸ்பார் மதில் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிரிச்சிட்டா, அப்புறம் நாங்க எங்கம்மா போய்ப் பேசிக்கிறது?"